பொறிவண்டுகளுக்கு அயற்பணி ஆணை

இருளாண்டி கத்திரித் தோட்டத்தைச் சுற்றித் தட்டைப்பயறு ஊன்றியதற்குப் பின்னால் எந்தத் தத்துவமும் இல்லை. நாற்று வாங்கப் போன இடத்தில் ஒரு பை பயறு விதையை இலவசமாகக் கையில் திணித்தார்கள். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். எழுதுவதைவிட ஊன்றுவது சுலபம். வரப்புக்கும் வேலிக்கும் நடுவே சும்மா கிடந்த செம்மண் பட்டையில் ஊன்றிவிட்டு மறந்துபோனார்.

அவர் பூச்சிமருந்து அடிக்காததற்கும் தத்துவம் இல்லை. மருந்தடிக்கும் டேங்கைப் பக்கத்துக் கொல்லை மதுரைவீரன் இரவல் வாங்கிப் போயிருந்தான். கேட்கும்போதெல்லாம் நாளைக்குத் தருகிறேன் என்றான். இரண்டு முறை கேட்ட பிறகு இருளாண்டிக்கு அலுத்துவிட்டது.

இந்த இரண்டு சோம்பேறித்தனங்களும் சேர்ந்து ஒரு காரியம் செய்தன. தட்டைப்பயற்றில் சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சியான கறுப்பு அசுவினி அப்பியது. அசுவினி சாற்றை உறிஞ்சி இனிப்பாகக் கழிந்தது. அந்த இனிப்பை நக்க எறும்பு வந்தது. அசுவினியையே தின்னப் பொறிவண்டு வந்தது. வந்த வண்டு இலைக்கு அடியில் முட்டையிட்டது, முட்டையிலிருந்து வந்த புழுக்கள் வண்டைவிட அதிகமாகத் தின்றன. பயற்றில் இரை குறைந்ததும் எல்லாம் வரப்பைத் தாண்டிக் கத்திரிக்குப் போய், அங்கே தளிரைச் சுருட்டிக்கொண்டிருந்த பச்சை அசுவினியைத் தின்ன ஆரம்பித்தன. கத்திரி தளதளவென்று நின்றது. இருளாண்டி அதைத் தன் உழைப்பின் பலன் என்று நம்பினார்.

நம்ப வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை உதறிவிட்டு, ஆலங்குடியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் கீழவெட்டிக்காட்டுக்குத் திரும்பி வந்து அவர் வைத்த முதல் வெள்ளாமை இது. கம்பெனி சூப்பர்வைசர் இன்னும் அவ்வப்போது போன் செய்து, இடம் காலியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருளாண்டியின் மனைவி புவனேஸ்வரி சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை. நாற்று நட்ட அன்றே சொல்லிவிட்டாள்.

"இந்தக் கத்திரி நின்னா நீங்க ஊர்ல நிப்பீங்க. போச்சுன்னா பஸ் ஏறிருங்க. ரெண்டு பேரும் ஒக்காந்து மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

நன்மை உயிரி நிர்வாக வாரியம் இந்தத் தோட்டத்துக்குள் வந்தது இப்படிப்பட்ட நேரத்தில்தான்.

வயல்களில் பூச்சிகளும் புழுக்களும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் நல்ல காரியங்கள் செய்துகொண்டிருக்கின்றன என்று தெரியவந்தபோது, அந்த நிலைமையைச் சரிசெய்வதற்காக உருவாக்கப்பட்டது வாரியம். அதற்கு மூன்று பிரிவுகள். பயற்றில் நடப்பதைப் பயறுப் பிரிவு பார்க்கும். காயில் நடப்பதைக் காய்கறிப் பிரிவு பார்க்கும். மண்ணுக்குக் கீழே நடப்பதை மண்ணடிப் பிரிவு பார்க்கும். ஒரு பிரிவு பார்ப்பதை இன்னொரு பிரிவு பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் விளக்கம் கேட்பார்கள்.

காய்கறிப் பிரிவின் கள அலுவலர் ஷர்லி ஒருநாள் அந்த வழியாக ஸ்கூட்டரில் போனபோது கத்திரி இலையில் பொறிவண்டுகளைப் பார்த்தாள். படம் எடுத்து, 'கீழவெட்டிக்காட்டில் காய்கறிப் பிரிவின் பொறிவண்டுகள் பணியில்' என்று வாரியத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கைதட்டும் படங்கள் வரிசையாக வந்தன. அவற்றுக்கு நடுவே பயறுப் பிரிவின் அலுவலர் அரவிந்த்குமார் ஒரே வரி எழுதினார்: 'அவை எங்கள் வண்டுகள்.'

மறுநாள் இரண்டு ஜீப்புகள் வந்தன. ஒரே அலுவலகத்திலிருந்து, ஒரே சாலையில், ஒன்றன்பின் ஒன்றாக வந்தாலும் இரண்டு பிரிவுகளும் ஒரே ஜீப்பில் வரக் கூடாது என்பது விதி.

அரவிந்த்குமார் நேராகத் தட்டைப்பயற்றுக்குப் போய் ஓர் இலையைத் திருப்பினார். அடியில் மஞ்சளாக முட்டைகள் நிமிர்ந்து நின்றன.

"பாருங்க மேடம். பொறப்பு எங்க பிரிவுல. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

ஷர்லி வரப்புக்கு இந்தப்புறம் கத்திரிக்குள் நின்றாள். "பொறப்பு எங்கிட்டு இருந்தா என்ன சார்? வேலை பாக்குறது எங்க செடியில. நீங்க பொறந்தது மணமேல்குடியில. அதுக்காகக் கடலுக்குப் போயி மீனா பிடிக்கிறீங்க?"

அரவிந்த்குமார் இதைத் தனிப்பட்ட தாக்குதலாகக் குறித்துக்கொண்டார். பிறகு இருவரும் இருளாண்டியிடம் திரும்பினார்கள். வண்டுகள் இரவில் எந்தப் பக்கம் தங்குகின்றன என்று கேட்டார் அரவிந்த்குமார். பகலில் அதிக நேரம் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று கேட்டாள் ஷர்லி. இருளாண்டி யோசித்தார். யாருக்கு என்ன பதில் பிடிக்கும் என்று தெரியவில்லை.

"நா வண்டப் பாக்குறதில்லங்க. கத்திரியத்தான் பாப்பேன்" என்றார்.

தோட்ட உரிமையாளர் ஒத்துழைக்கவில்லை என்று இரண்டு பிரிவுகளும் தனித்தனியே எழுதிக்கொண்டன. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அன்று ஒற்றுமை இருந்தது.

உரிமை முடிவாகும் வரை எந்த வண்டும் வரப்பைத் தாண்டக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது. வரப்பு நெடுக மூங்கில் நட்டு, வண்டு பறந்தும் போகாதபடி கத்திரியை மேலேயும் மூடிப் பொடிக்கண் வலையைக் கட்டினார்கள். வலையின் மேல் வாரியத்தின் முத்திரை குத்தியிருந்தது. வலை வாரியத்தின் சொத்து என்றும், அதற்கு ஏதாவது ஆனால் இருளாண்டி பொறுப்பு என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். கத்திரிக்குள் இருந்த வண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, பிறந்த பக்கத்துக்குத் திருப்பி அனுப்பும் வேலையும் நடந்தது. பிடிபட்ட வண்டு ஒவ்வொன்றும் காலிலிருந்து மஞ்சளாக ஒரு நாற்றத் திரவத்தைக் கசியவிட்டது. அலுவலக உதவியாளர்கள் சோப்புப் போட்டுக் கழுவியும் அன்று முழுக்க யாரும் அவர்கள் பக்கத்தில் உட்காரவில்லை.

மதுரைவீரன் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தான்.

"என்ன மச்சான், வண்டுக்குக் கொசுவலையா? அப்படியே ஒரு பேனையும் மாட்டிவிடு. பாவம், வேர்க்கும்ல."

"நீ மொதல்ல டேங்கக் கொண்டாடா" என்றார் இருளாண்டி.

வலை கட்டியபின் கத்திரிக்குள் அசுவினி பெருக ஆரம்பித்தது. தடுக்க யாரும் இல்லாத இடத்தில் அது பெருகும் வேகத்துக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. தளிர்கள் உள்பக்கமாகச் சுருண்டன. இலைகள் பிசுபிசுத்து, பிசுபிசுப்பின் மேல் கரி படிந்தாற்போலப் பூஞ்சாணம் படர்ந்தது. வலைக்கு அந்தப்புறம் வண்டுகள் தின்னப் போதிய இரை இல்லாமல் வலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

இடையில் எறும்புகள் மேல் ஒரு நடவடிக்கை. அசுவினியின் இனிப்புக்காக எறும்புகள் பயற்றில் மிஞ்சியிருந்த அசுவினியைக் காவல் காத்தன. கிட்டே வரும் வண்டுப் புழுவைக் கடித்துத் துரத்தின. இது வாரிய உயிரினங்களைப் பணி செய்ய விடாமல் தடுப்பதாகும் என்று பயறுப் பிரிவு கருதியது. எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் எச்சரிக்கைப் பலகை ஒன்று நட்டார்கள். சில நாளில் பலகையின் காலைக் கரையான் தின்று பலகை சாய்ந்தது. கரையான் நல்லதா கெட்டதா என்று வாரியம் இன்னும் முடிவு செய்யாததால் அதன் மேல் நடவடிக்கை எடுக்க வழியில்லை.

இருளாண்டி சட்டையை மாற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார். வாரியத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் கவியரசனைப் பார்க்க வேண்டும். பார்க்க மத்தியானம் வரை உட்கார வேண்டியிருந்தது. கவியரசனின் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஊசி குத்திய பொறிவண்டு ஒன்று இருந்தது. அந்த மாவட்டத்தில் வாரியத்தின் முழுக் கட்டுப்பாட்டில் இருந்த பொறிவண்டு அது ஒன்றுதான்.

வலையை எடுத்துவிட்டால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றார் இருளாண்டி. கத்திரி சுருண்டுகொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் போனால் பூ நிற்காது என்றார். கவியரசன் கோபப்படவில்லை. அவர் நல்ல மாதிரியான மனிதர். விளக்கிச் சொன்னார்.

"இருளாண்டி, ஒங்க கத்திரி நல்லா இருக்கா இல்லையாங்கிறது எங்க கேள்வியே இல்ல. யாரால நல்லா இருக்குங்கிறதுதான் கேள்வி. யாராலன்னே தெரியாம ஒரு கத்திரி நல்லா இருந்துச்சுன்னு வைங்க. அதப் பாத்து நாளைக்கு எல்லாக் கத்திரியும் சும்மா நல்லா இருக்க ஆரம்பிச்சுரும். அப்பறம் நாங்க எதுக்கு?"

கவியரசன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பயறுப் பிரிவு வண்டுகள் கத்திரியில் வேலை செய்ய ஒரே வழி அயற்பணி என்றார் அவர். தாய்ப் பிரிவு விடுவிக்க வேண்டும், ஏற்கும் பிரிவு சம்மதிக்க வேண்டும், இரண்டையும் சென்னைத் தலைமையகம் ஏற்றுக்கொள்ள வேண்டும். சீக்கிரமாக நடந்தால் அடுத்த விதைப்புப் பட்டத்துக்குள் ஆணை வந்துவிடும்.

அதற்குள் இந்த வண்டுகள் செத்துப்போய்விடுமே என்றார் இருளாண்டி.

அதற்கும் விதி இருந்தது. பணிக்காலத்தில் இறந்தால் கருணை அடிப்படையில் வாரிசுக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் வாரிசுச் சான்று வேண்டும். ஒரு வண்டு கொத்துக் கொத்தாக முட்டையிடுகிறது, எது மூத்தது என்று யார் சொல்வது என்று கவியரசனே கேட்டுக்கொண்டு, உண்மையான வருத்தத்துடன் தலையை ஆட்டினார். பிறகு முகம் தெளிந்தது. காய்கறிப் பிரிவு ஏன் கடன் வாங்க வேண்டும்? தனக்கென்று சொந்த வண்டு வைத்துக்கொண்டால் என்ன? கத்திரியிலேயே பிறந்து, கத்திரியிலேயே வளர்ந்து, கத்திரியை விட்டு வேறெங்கும் போகாத வண்டு.

"அப்படி ஒரு வண்டு இருந்தா யாரோடதுங்கிற தாவா வராது" என்றார். அங்கேயே ஷர்லிக்கு உத்தரவு போனது.

அப்படி ஒரு வண்டு இருக்கத்தான் செய்கிறது. அதற்கும் முதுகில் புள்ளிகள் உண்டு, பொறிவண்டைவிட அதிகமாகவே. அதுவும் உருண்டையாக, பார்க்க லட்சணமாக இருக்கும். கத்திரியில்தான் பிறக்கும். கத்திரியில்தான் வளரும். ஏனென்றால் அது தின்பது கத்திரி இலையை.

ஷர்லி ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களில் அவற்றைக் கொண்டுவந்து தோட்டத்துக்குள் திறந்துவிட்டாள். முறையான பணி நியமனம் என்பதால் ஒரு சின்ன ரிப்பனும் கட்டியிருந்தார்கள். வண்டுகள் உடனே வேலையை ஆரம்பித்தன. சில நாளில் இலைகள் நரம்பு மட்டும் மிஞ்சி, சல்லடைத் துணி போல வெளிச்சத்தை விட்டன. முள்முள்ளாக மஞ்சள் புழுக்கள் இலைக்கு அடியில் வரிசையாக உட்கார்ந்து சுரண்டின. அசுவினி தளிரைப் பார்த்துக்கொண்டது, வண்டு இலையைப் பார்த்துக்கொண்டது. இரண்டுக்கும் எந்தத் தகராறும் இல்லை.

ஷர்லி அடுத்த முறை வந்தபோது புவனேஸ்வரி ஓர் இலையைக் கிள்ளி அவள் கையில் வைத்தாள்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. இது எலையத் திங்குதே?"

ஷர்லி இலையைப் பார்த்தாள். அவள் பூச்சிகளைப் பற்றித்தான் படித்திருந்தாள், தங்கப் பதக்கமும் வாங்கியிருந்தாள்.

"தெரியும்க்கா. திங்கத்தான் செய்யும். ஆனா இந்த மாவட்டத்துலயே இது ஒண்ணுக்குத்தான் பேப்பரெல்லாம் சரியா இருக்கு."

சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரம் மண்ணடிப் பிரிவும் வந்தது. அதன் அலுவலர் சார்லஸ் மெலிந்த, சோகமான மனிதர். தன் துறையில் உள்ள எதையும் தான் நேரில் பார்த்ததில்லை என்ற வருத்தம் அவர் முகத்தில் நிரந்தரமாகத் தங்கியிருந்தது. அவர் ஒரு தட்டைப்பயற்றுச் செடியைப் பிடுங்கி, வேரில் இருந்த சின்னச் சின்ன முடிச்சுகளைக் காட்டினார். ஒன்றை நகத்தால் கீறினார், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. இதற்குள் நுண்ணுயிரிகள் இருக்கின்றன, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன, அதில் ஆட்சேபம் இல்லை என்றார். ஆட்சேபம் வேறு இடத்தில் இருந்தது.

"வேர்ல இருந்து பூஞ்சாண நூல் ஒண்ணு கெளம்பி, வரப்புக்கு அடியில போயி, கத்திரி வேர்ல சேருது. அது வழியா இங்கிட்டுச் சத்து அங்கிட்டுப் போகுது. யார் குடுத்த கனெக்‌ஷன் இது?"

"நாங் குடுக்கலங்க" என்றார் இருளாண்டி.

"நீங்க குடுக்கல, நாங்களும் குடுக்கலன்னா அதுக்குப் பேரு கொக்கி. கரண்ட்டுக்குக் கொக்கி போட்டா சும்மா விடுவாங்களா?"

அந்த நூலைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று புவனேஸ்வரி கேட்டாள். முடியாது என்றார் சார்லஸ். கண்ணுக்குத் தெரியாதபடி போட்டிருப்பதிலிருந்தே இது எவ்வளவு திட்டமிட்ட வேலை என்று புரிகிறது என்றார்.

கொக்கியைத் துண்டிக்கச் சின்ன ஜேசிபி ஒன்று வந்து வரப்பை ஒட்டிப் பள்ளம் எடுத்தது. நூலோடு சேர்த்துக் கத்திரி வேர்களும் அறுந்தன. ஓரத்தில் நின்ற செடிகள் அன்று சாயங்காலமே துவண்டன. சார்லஸ் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். அவருடைய பணிக்காலத்தில் தன் துறைக்குள் இவ்வளவு ஆழமாக அவர் பார்த்தது அதுவே முதல்முறை.

திருப்பூர் சூப்பர்வைசர் மறுபடி போன் செய்தார். இருளாண்டி இந்த முறை உடனே மறுக்கவில்லை. புவனேஸ்வரி அதைக் கவனித்தாள். தண்ணீர் பாய்ச்சப் போன இடத்தில் தோட்டத்தின் கிழக்கு மூலையில் நின்றுவிட்டாள். யாருடைய ஆடோ வேலியில் நுழைந்து வாரியத்தின் சொத்தைக் கிழித்திருந்தது. அந்தக் கிழிசல் வழியாகப் பொறிவண்டுகள் உள்ளே வந்திருந்தன. அந்த மூலையில் மட்டும் தளிர் விரிந்து, ஊதாப் பூ பூத்து, பிஞ்சு இறங்கியிருந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். இருளாண்டி முதல்முறையாகக் கத்திரியை விட்டு வண்டைப் பார்த்தார்.

"அப்ப நா ஒண்ணும் கிழிக்கலையா?" என்றார்.

"ஆடு கிழிச்சிருக்கு. போதும்" என்றாள் புவனேஸ்வரி. "இந்தப் பயறு நின்னாத்தான் இதுக இருக்கும். இதுக இருந்தாத்தான் கத்திரி இருக்கும்."

பயற்றைப் பிடுங்கச் சொல்லி உத்தரவு வந்தது அதற்கு மறுநாள். சென்னையிலிருந்து மதிப்பீட்டுக் குழு மாவட்டத்துக்கு வர இருந்தது. குழு வரும்போது எங்கும் தாவா நிலுவையில் இருக்கக் கூடாது. கீழவெட்டிக்காட்டுத் தாவாவுக்கு மூல காரணம் தட்டைப்பயறு. எனவே வெள்ளிக்கிழமை அது அகற்றப்படும். முக்கியமான அகற்றல் என்பதால் கவியரசனே நேரில் வருவார்.

வெள்ளிக்கிழமை மூன்று ஜீப்புகளும் ஒரு காரும் வந்தன. பிடுங்க ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு மினி லாரியும் வந்தது. மதுரைவீரன் வேலியோரம் வாகாக ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். கவியரசன் வரப்பின் மேல் ஏறி நின்று சில வார்த்தைகள் பேசினார்.

"இந்த வாரியம் எந்த உயிருக்கும் எதிரி இல்ல. வண்டு வாழணும், கிருமி வாழணும், விவசாயியும் வாழணும். ஆனா மூணும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம வாழணும். சம்பந்தம்னு ஒண்ணு வந்துட்டாத்தான் சிக்கல். யாரு யார்கிட்ட பதில் சொல்றதுன்னு தெரியாமப் போயிரும். இன்னைக்கு இந்தக் கொல்லையில இருந்து அந்தச் சம்பந்தத்தைப் பிடுங்குறோம்."

அலுவலர்கள் கைதட்டினார்கள். ஆட்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பயற்றுக்குள் இறங்கப் போனார்கள். புவனேஸ்வரி அவர்களுக்குக் குறுக்கே போய் நின்றாள். இருளாண்டி அவள் அழப்போகிறாள் என்று பயந்தார். கவியரசனும் அதையே எதிர்பார்த்து, ஆறுதல் சொல்லும் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டார்.

"இது பயறு இல்லங்க" என்றாள் அவள்.

"பின்ன?"

"களைங்க. தானா மொளச்சது."

அரவிந்த்குமார் வாயைத் திறந்தார். நாற்று வாங்கும் இடத்தில் அந்த விதையை இலவசமாகத் திணிக்க வைத்ததே அவருடைய பிரிவு. ஆனால் பிடுங்கப்போவது பயறு என்றால் பயறுப் பரப்பு குறைந்த கணக்கை அவர்தான் குழுவிடம் சொல்ல வேண்டும். களை என்றால் அவர் பிரிவில் ஒரு செடியும் குறையவில்லை. வாயை மூடிக்கொண்டார். ஷர்லி தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள். களை வேரிலிருந்து ஏதாவது எங்காவது போனால் அது கனெக்‌ஷனில் சேராது என்று சார்லஸ் தாமாகவே, யாரும் கேட்காமல், மெதுவாகச் சொன்னார்.

கவியரசன் கொடியில் கொத்தாகத் தொங்கிய காய்களைப் பார்த்தார்.

"காய் தொங்குதேம்மா."

"சில களை காய்க்குங்க."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு முடிவைச் சொன்னார்.

"களைக்கு எங்க வாரியத்துல பிரிவு கெடையாது. பிரிவு இல்லாதத நாங்க பிடுங்க முடியாது. பிடுங்கினா அது இருந்ததா ஆயிரும்."

ஆட்கள் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு லாரியில் ஏறினார்கள். களையில் பிறந்த வண்டுகளுக்கு வாரியத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை என்று அங்கேயே கையெழுத்தானது. இரண்டு பிரிவுகளைப் பிரிப்பதற்காகக் கட்டிய வலைக்கு இப்போது பிரிக்க ஒரே ஒரு பிரிவுதான் இருந்தது. ஆகவே வலையையும் அவிழ்த்துச் சுருட்டி எடுத்துப் போனார்கள், ஆடு கிழித்த இடத்துக்கு இருளாண்டியிடம் விளக்கம் கேட்டுவிட்டு. காரில் ஏறும் முன் கவியரசன் கண்டிப்பாகச் சொன்னார்: களை எடுப்பது கொல்லைக்காரரின் பொறுப்பு. குழு வந்தால் களை எடுக்கிறீர்களா என்று பார்க்கும்.

பள்ளத்தை இருளாண்டியும் மதுரைவீரனும் மூடினார்கள். வண்டுகள் அன்று பிற்பகலே வரப்பைத் தாண்டின. அசுவினி குறைய நாள் பிடித்தது, ஆனால் குறைந்தது. இலை தின்னும் வாரிய வண்டுகளைப் புவனேஸ்வரி வெயில் ஏறுமுன் ஒவ்வொரு செடியாகத் தட்டி, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் வாளிக்குள் விழ வைத்தாள். தப்பிய மஞ்சள் புழுக்கள் பல இலையில் ஒட்டியபடியே கறுத்து விறைத்துப்போயின. அவற்றுக்குள் ஏதோ ஒரு பொடிக் குளவி முட்டையிட்டிருந்தது. அது எங்கிருந்து வந்தது, யாருடையது என்று யாருக்கும் தெரியாது. கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக இருந்ததால் அது தப்பித்தது.

ஷர்லி ஒருமுறை வந்து, முறைப்படி நியமனமான வண்டுகள் எங்கே என்று கேட்டாள். கேட்க வேண்டியது அவள் கடமை.

"சின்ன ஆயுசுதானங்க மேடம்" என்றார் இருளாண்டி. "எல்லாம் ரிட்டயர்டு ஆயிருச்சு."

ஷர்லி வாளியைப் பார்த்தாள். பார்க்காததுபோல எழுதிக்கொண்டாள்.

தோட்டத்தில் பாதி போய்விட்டது, அதை மறைப்பதற்கில்லை. வேரறுந்த வரிசை பட்டுப்போனது. மிஞ்சிய செடிகளில் இரண்டாம் சுற்றுப் பூ நின்றது. காய் ஆலங்குடி மார்க்கெட்டுக்குப் போனது, அதிலும் சிலவற்றில் புழு இருந்தது. சூப்பர்வைசர் போன் செய்தபோது இருளாண்டி காய் பறித்துக்கொண்டிருந்தார். கை வேலையாக இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். அப்புறம் பேசவில்லை.

மதிப்பீட்டுக் குழுவிலிருந்து ஓர் அதிகாரி கீழவெட்டிக்காட்டுக்கு வந்தது அந்தச் சமயத்தில். வெள்ளைச் சட்டை, கையில் அட்டை, பின்னால் கவியரசன். அதிகாரி வரப்பில் நின்று பயற்றங்கொடியைப் பார்த்தார். அது முன்னைவிட அடர்ந்து வேலி மேல் ஏறியிருந்தது. உள்ளே புவனேஸ்வரி குனிந்து நின்றாள்.

"களை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சுல்ல? ஏன் இன்னும் இப்படி நிக்குது?"

"எடுத்துக்கிட்டுத்தான சார் இருக்கேன்."

அதிகாரி அவள் மடியைப் பார்த்தார். முந்தானையில் ஏந்தியிருந்த காய்கள் நீளநீளமாகப் பச்சையாகத் துருத்திக்கொண்டிருந்தன.

"இதா?"

"இது இன்னைக்குள்ளதுங்க. நாளைக்கு வந்தீங்கன்னா நாளைக்குள்ளது நிக்கும். எடுக்க எடுக்க வருது. என்ன செய்யிறது, களையாச்சே."

அதிகாரி கவியரசனைப் பார்த்தார். கவியரசன் தூரத்தில் ஒரு பனைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி அட்டையைத் தூக்கி, 'களையெடுப்புப் பணி தொய்வின்றித் தொடர்கிறது' என்று எழுதினார். கார் வரை நடந்து போனார். கதவைத் திறந்தவர் மூடிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார். கையில் மடித்த துணிப்பை ஒன்று இருந்தது.

"அம்மா," என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "வீட்டுக்குக் கொஞ்சம் களை கெடைக்குமா?"

புவனேஸ்வரி விதைக்கும் ஆகும்படி முற்றலாகப் பார்த்துப் பொறுக்கிப் பை நிறையப் போட்டுக் கொடுத்தாள்.